பீனியா அச்சகத்தின் மொட்டை மாடிக்கு ஏ.எச்.யூ. ஏற்றிய வேலை

பெங்களூர் பீனியா இரண்டாம் ஸ்டேஜில் ஓர் ஆஃப்செட் அச்சகத்துக்கு நாங்கள் ஏற்றிக் கொடுத்த ஏ.எச்.யூ. (ஏர் ஹேண்ட்லிங் யூனிட், காற்றைப் பதப்படுத்தி அனுப்பும் பெரிய பெட்டி) போன வாரத்திலிருந்து ஓடுகிறது. அச்சகக்காரர் குடும்பம் சிவகாசியிலிருந்து வந்தது. அங்கே வறண்ட காற்று, காகிதம் சொன்ன பேச்சு கேட்கும். இங்கே ஆனி, ஆடி, ஆவணியில் காகிதம் ஈரத்தை இழுத்து விரிந்துவிடுகிறது; நான்கு நிறமும் ஒன்றன்மேல் ஒன்று உட்காராமல் விலகுகின்றன. காற்றைக் குளிர்வித்து ஈரத்தை வடித்து, ஹீட்டரால் திரும்பக் கொஞ்சம் சூடாக்கி, கூடத்தில் ஈரப்பதத்தை 50 முதல் 55 சதவீதத்துக்குள் நிறுத்த வேண்டும். அதற்குத்தான் இந்த இயந்திரம்.

இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்பதை இங்கே எழுதப்போவதில்லை. தரையில் இருந்ததை மூன்றாம் தளத்துக்கு மேலே கொண்டுபோய் உட்கார வைத்தது மட்டும்தான் இந்தப் பதிவு. ஏ.சி. வேலை செய்பவர்களில் பலர் தூக்குவதை கிரேன்காரர் வேலை என்று விட்டுவிடுகிறார்கள். கிரேன்காரருக்கு அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது, எந்தப் பக்கம் கனம் என்று தெரியாது. அதைச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.

ஏ.எச்.யூ. இரண்டு பகுதிகளாக வந்தது. காயிலும் (காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருள்) ஃபில்டரும் உள்ள பகுதி ஒன்று. ஃபேனும் மோட்டாரும் உள்ள பகுதி இன்னொன்று. ஹீட்டர் பேங்க் தனிப் பெட்டி, அதைப் படிக்கட்டு வழியாகவே கையில் கொண்டுபோய்விட்டோம். காயில் பகுதியும் பெரிய தொல்லை தரவில்லை. பாடம் எல்லாம் ஃபேன் பகுதியில்தான்: நீளம் 2.1 மீட்டர், அகலம் 1.6, உயரம் 1.65.

முதல் பாடம் லாரியிலிருந்து இறக்கும்போதே கிடைத்தது. இறக்க வந்த ஹைட்ராவில் (சின்ன நகரும் கிரேன்) இரண்டு தூக்கும் பெல்ட்டை அடியில் கொடுத்து, நான்கு முனைகளையும் ஒரே கொக்கியில் மாட்டித் தூக்கினார்கள். பெல்ட் மேலே போகப் போக உள்பக்கம் சாய்ந்து, பெட்டியின் மேல் விளிம்பை இரண்டு பக்கமும் அழுத்தியது. இப்போதைய ஏ.எச்.யூ.க்கள் அலுமினியச் சட்டமும் ஃபோம் பேனலும்தான். தீப்பெட்டியை இரண்டு விரலால் பிடித்து நசுக்குவது போல ஆகிவிடும். மேல் மூலைச் சட்டம் 8 மி.மீ. வளைந்தது, சர்வீஸ் கதவு மூடவில்லை. கூடவே பெட்டி மோட்டார் பக்கம் நன்றாகச் சாய்ந்தது. ஒரு அடிக்குமேல் தூக்க வேண்டியிருக்கவில்லை என்பதால் அதோடு போயிற்று. மூலைத் துண்டு, கதவு கேஸ்கெட், கீல் சரிசெய்தது எல்லாம் சேர்த்து 6,200 ரூபாய்.

பெல்ட்டின் சாய்வைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், இது எல்லாருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும். இரண்டு கால் பெல்ட்டில் 100 கிலோ தொங்குகிறது என்றால், கால்கள் நேர்க்குத்தாக இருந்தால் ஒவ்வொன்றும் 50 கிலோ தாங்கும். தரைமட்டத்திலிருந்து 60 டிகிரி சாய்ந்தால் 58. 45 டிகிரியில் 71. 30 டிகிரியில் ஒவ்வொரு காலுக்கும் முழு 100. பெல்ட் தாங்கினாலும் அந்தக் கூடுதல் இழுப்பு உள்பக்கம் பெட்டியைத்தான் நசுக்கும். ஆகவே மொட்டை மாடிக்கு ஏற்றும்போது பெல்ட் எதுவும் பெட்டியைத் தொடவே கூடாது, நான்கும் நேர்க்குத்தாக நிற்க வேண்டும் என்று முடிவெடுத்தோம்.

அப்புறம் எடை. கேட்டலாக்கில் ஃபேன் பகுதி 520 கிலோ என்று இருந்தது. எங்கள் மேஸ்திரி அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "தம்பி, பேப்பர்ல எழுதினதைத் தூக்கப் போறமா, கீழ கிடக்கறதைத் தூக்கப் போறமா?" என்றார். அவர் சேலம் பக்கம் சர்க்கரை ஆலைகளில் கனரக வேலை செய்தவர். அச்சகத்தில் கழிவுக் காகிதம் எடை போட 500 கிலோ பிளாட்பார்ம் தராசு ஒன்று கிடந்தது. பெட்டியின் அடிச்சட்டத்தில் தூக்குவதற்கென்று குழாய் செருகும் துளைகள் 1.9 மீட்டர் இடைவெளியில் இருந்தன. ஒரு துளைக்கு நேர்கீழே தராசும், மற்றதற்கு நேர்கீழே அதே உயரத்துக்குக் கட்டையும் குழாயும் வைத்து, ஜாக்கியால் மெதுவாக இறக்கினோம். மோட்டார் முனை 395 கிலோ. இடம் மாற்றி வைத்ததில் மறு முனை 245. மொத்தம் 640.

கேட்டலாக்கைவிட 120 கிலோ அதிகம். விசாரித்ததில் காரணம் தெரிந்தது: பட்டியலில் இருந்தது 7.5 கிலோவாட் மோட்டார், வந்தது 11 கிலோவாட். அதோடு டேம்பரும் (காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் மடல்) வி.எஃப்.டி. பெட்டியும் (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) தொழிற்சாலையிலேயே பூட்டி அனுப்பியிருந்தார்கள்.

அதே இரண்டு எண்களில் கனத்தின் மையமும் கிடைத்துவிடுகிறது. 395-ஐ 640-ஆல் வகுத்து 1.9-ஆல் பெருக்கினால் 1.17 மீட்டர். அதாவது இலேசான துளையிலிருந்து 1.17, மோட்டார் பக்கத் துளையிலிருந்து 0.73. நட்ட நடுவிலிருந்து 22 சென்டிமீட்டர் தள்ளி. கொக்கி இந்தப் புள்ளிக்கு நேர்மேலே இருந்தால் பெட்டி மட்டமாக எழும்பும். இல்லாவிட்டால் மையம் கொக்கிக்குக் கீழே வரும்வரை தானாகச் சாயும். லாரியில் நடந்தது அதுதான்.

இந்த எண்களை வைத்து பீனியாவிலேயே ஒரு பட்டறையில் தூக்குச் சட்டம் செய்தோம். நூறு மி.மீ. சி-சேனல் இரண்டை முதுகோடு முதுகு சேர்த்து 1.9 மீட்டரில் ஒரு நடு உத்தரம். அதன் இரு முனைகளிலும் அதே சேனலில் 1.85 மீட்டர் குறுக்குக் கைகள். குறுக்குக் கைகளின் நான்கு முனைகளில் காது, அதாவது துளையிட்ட தட்டு. நடு உத்தரத்தின் மேல் 16 மி.மீ. தட்டு ஒன்றை நிறுத்தி, நடுவில் ஒரு துளையும், 22 சென்டிமீட்டர் தள்ளி இன்னொன்றும். காயில் பகுதிக்கு நடுத்துளை, ஃபேன் பகுதிக்குத் தள்ளிய துளை. சட்டத்தின் எடை 115 கிலோ. பட்டறைக் கூலியும் இரும்பும் சேர்த்து கிலோ 110 ரூபாய், மொத்தம் 12,650.

பெட்டியின் அடித்துளைகளில் இரண்டங்குல ஹெவி கிளாஸ் குழாய் இரண்டைச் செருகினோம். பக்கத்துக்கு 10 சென்டிமீட்டர்தான் வெளியே நீட்டியிருக்க வேண்டும். அதற்குமேல் நீட்டினால் குழாய் வளையத் தொடங்கும். முனையில் ஒரு தட்டைச் சுற்றி வெல்டு வைத்தோம், பெல்ட்டின் காது வழுக்கி வெளியே வராமலிருக்க. ஒரு பக்கம் மட்டும் செருகுவதற்கு முன் வெல்டு, மறு பக்கம் போல்ட் போட்ட தட்டு. பெல்ட் நான்கு, தலா 2 மீட்டர், பச்சை நிறம். பாலியஸ்டர் பெல்ட்டில் ஊதா என்றால் 1 டன், பச்சை 2 டன், மஞ்சள் 3 டன். அதிகபட்சம் 200 கிலோ வரும் காலுக்கு ஊதாவே போதும், ஆனால் பச்சை அகலம் கூடுதல், குழாயில் நன்றாக உட்காருகிறது. பெல்ட்டின் லேபிள் கிழிந்திருந்தாலோ எழுத்து அழிந்திருந்தாலோ அதைத் தொடக்கூடாது. எவ்வளவு தாங்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் அதுதான். மேலே நான்கு காதுக்கும் 5/8 அங்குல ஷேக்கிள் (பின் போட்டு மூடும் இரும்பு வளையம்), ஒவ்வொன்றும் 3.25 டன். கொக்கித் தட்டுக்கு 3/4 அங்குலம், 4.75 டன்.

சட்டத்தை ஏற்றுவதற்கு முன் பட்டறையின் கூரைக் கிரேனிலேயே சோதித்தோம். 640-க்கு ஒன்றேகால் பங்கு, 800 கிலோ இரும்புத் தகடு, பத்து நிமிடம் தொங்கல். தொங்கும்போது நடு உத்தரத்தில் நூல் கட்டிப் பார்த்ததில் வளைவு கண்ணுக்குத் தெரியவில்லை, இறக்கியபின் நூல் பழைய இடத்திலேயே. வெல்டுகளில் விரிசல் உண்டா என்று டை (சாயம்) பூசிப் பார்த்தோம். அங்கீகாரம் பெற்ற பரிசோதகர் ஒருவர் வந்து பார்த்து சான்று கொடுத்தார், 3,500 ரூபாய். தூக்கும் கருவிகளை 12 மாதத்துக்கு ஒருமுறையாவது தகுதியானவர் முழுமையாகப் பரிசோதித்துப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 29-ஆம் பிரிவு வகுத்த விதி. சின்ன வேலைகளில் இதை யாரும் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் செய்ய வேண்டிய காரியம் இது. கீழே ஆட்கள் கயிறு பிடித்து நிற்கிறார்கள்.

அடுத்து கிரேன். இறக்க வந்த ஹைட்ராவையே ஏற்றவும் வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் முதலில் எல்லாருடைய எண்ணமும். மாடி 10.5 மீட்டர், ஹைட்ரா எட்டும் என்றார்கள். டேப் வைத்து அளந்தபோது கணக்கு வேறாக இருந்தது. மாடி 10.5, அதற்குமேல் கைப்பிடிச் சுவர் 1.1, சுவரைத் தாண்ட இடைவெளி 0.6, பெட்டி 1.65, பெட்டிக்கும் சட்டத்துக்கும் இடையில் 0.35, சட்டத்திலிருந்து கொக்கிவரை 0.3, கொக்கியிலிருந்து பூம் (கிரேனின் நீளும் கை) தலைவரை குறைந்தது 1.5. கூட்டினால் 16 மீட்டர். அதுவும் பூம் சுவரைத் தாண்டி உள்ளே நீண்டிருக்கும்போது. எங்களுக்கு வந்த ஹைட்ராவால் ஆகாது. தவிர, ஹைட்ரா தூக்கிக்கொண்டே நகரும் வண்டி. உயரத்தில் இவ்வளவு பெரிய பெட்டியோடு அது நகர்வதை நான் அனுமதித்திருக்கவே மாட்டேன். 25 டன் டெலஸ்கோபிக் கிரேன் ஒரு ஷிப்டுக்கு 22,000 ரூபாய். எந்தத் தூரத்தில் எவ்வளவு தூக்கும் என்று காட்டும் அதன் சார்ட்டில் எங்கள் தூரத்துக்கும் உயரத்துக்கும் உள்ள எண்ணைப் பார்த்தோம். பெட்டி 640, சட்டம் 115, பெல்ட்டும் ஷேக்கிளும் 20, கொக்கிக் கட்டை 150 என்று 925 கிலோ. சார்ட் காட்டியது அதைப்போலப் பல மடங்கு.

கிரேன் தாங்கும், சரி. தரை தாங்குமா?

பெங்களூரில் பெரும்பாலான கட்டடங்களில் தரைக்கடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கும். சம்ப் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். மேலே சிமென்ட் பூசி டைல்ஸ் ஒட்டிவிட்டால் அங்கே தொட்டி இருப்பதே தெரியாது. கிரேனின் அவுட்ரிகர் (பக்கவாட்டில் நீண்டு ஊன்றும் கால்) ஒன்று அந்த மூடியின் மேல் நின்றால் கதை முடிந்தது. தெருப் பக்கம் 11 கே.வி. உயர் அழுத்த மின்கம்பி ஓடுவதால் பின்முற்றத்திலிருந்துதான் தூக்க முடியும். சம்பும் செப்டிக் டேங்கும் அங்கேதான். அச்சகக்கார அண்ணாச்சியிடம் பழைய பிளான் வாங்கி, கடப்பாரையால் தட்டிப் பார்த்து, இரண்டின் விளிம்பையும் சுண்ணாம்பால் கோடு போட்டோம். சம்பின் ஆழம் 2.4 மீட்டர், அதே அளவு தூரமாவது விளிம்பிலிருந்து தள்ளித்தான் அவுட்ரிகர் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பக்கச் சுவர் உள்ளே சரியும். அதற்காக கிரேன் நிற்க வேண்டிய இடத்தை ஒன்றரை மீட்டர் நகர்த்தினோம். மழை பெய்து செம்மண் இளகியிருந்தது. ஒவ்வொரு அவுட்ரிகருக்கும் கீழே ரயில்வே ஸ்லீப்பர் கட்டைகளை 1.2 மீட்டர் சதுரத்தில் இரண்டு அடுக்காக, ஒன்றுக்குக் குறுக்காக மற்றது வைத்தோம். பூம் திரும்பும் பக்கத்து அவுட்ரிகரில் கிரேனும் சுமையும் சேர்ந்த எடையில் முக்கால் பங்குவரை இறங்கலாம் என்று வைத்துக்கொள்வது வழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு வேலை தொடங்கியது. தெருவில் வண்டி இல்லை, அச்சகத்தில் ஆள் இல்லை. இந்த மாதங்களில் பெங்களூரில் பத்து மணிக்குமேல் காற்று கிளம்பிவிடும் என்பதும் ஒரு காரணம். காற்றை அளக்க தனிக் கருவி எதுவும் வாங்கவில்லை; ஏ.சி. காற்று வெளிவரும் கிரில்லில் வேகம் பார்க்க நாங்கள் வைத்திருக்கும் அனிமோமீட்டரையே ஒரு பையன் மாடியில் பிடித்துக்கொண்டு நின்றான். பெட்டியின் பக்கப் பரப்பு மூன்றரைச் சதுர மீட்டர். வினாடிக்கு 10 மீட்டர் காற்று அடித்தால் அதன்மேல் சுமார் 25 கிலோ தள்ளு விழும். தொங்கும் பெட்டியைச் சுழற்ற அது போதும். எட்டைத் தாண்டினால் நிறுத்துவது என்று முன்னாடியே பேசிக்கொண்டோம். காலையில் மூன்று, நான்குக்குமேல் போகவில்லை.

காயில் பகுதி 410 கிலோ. அது முதலில் போனது, நடுத்துளையில், எந்தச் சிக்கலும் இல்லாமல். மேலிருந்து சட்டம் இறங்கி வந்ததும் ஷேக்கிளைத் தள்ளிய துளைக்கு மாற்றினோம். ஷேக்கிள் பின்னை முழுக்க இறுக்கி, பிறகு கம்பி கட்டிவிட்டோம். ஃபேன் பகுதி தரையிலிருந்து 20 சென்டிமீட்டர் எழும்பியதும் நிறுத்தச் சொன்னேன். ஐந்து நிமிடம் அப்படியே. மட்டப் பலகை வைத்ததில் மோட்டார் பக்கம் 12 மி.மீ. தாழ்வு, அவ்வளவுதான். அவுட்ரிகர் கட்டைகளைச் சுற்றி வந்து பார்த்தோம், எதுவும் அமுங்கவில்லை. நான்கு பெல்ட்டுகளும் பெட்டியிலிருந்து விலகி நின்றன. கதவைத் திறந்து மூடிப் பார்த்தேன். தொங்கும்போதே சரளமாக மூடியது.

இரண்டு எதிர் மூலைகளில் 12 மி.மீ. கயிறு கட்டி, ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது என்பதை மேஸ்திரி ஒவ்வொரு முறையும் சொல்வார், புது ஆளோ பழைய ஆளோ. பெட்டி சுழன்றால் கை போய்விடும். கிரேன் ஓட்டுநருக்கு மாடியில் இறங்கும் இடம் தெரியாது, தண்ணீர் டேங்க் மறைக்கிறது. அதனால் மாடி விளிம்பில் மேஸ்திரி, அவர் கை ஜாடை ஓட்டுநருக்குத் தெரியும். மாடிக்குள் நான், வாக்கிடாக்கியில் மேஸ்திரிக்குச் சொல்ல. தூக்கு, இறக்கு என்று சொல்ல ஒருவருக்குத்தான் அதிகாரம். நிறுத்து என்று சொல்ல யாருக்கும் உரிமை உண்டு, கீழே டீ வாங்கி வந்த பையன் உட்பட.

எழும்பி, சுவரைத் தாண்டி, இறங்க பன்னிரண்டு நிமிடம். கிரேன் போட்டோ எடுப்பவர்கள் எல்லாரும் அத்தோடு கலைந்துவிடுவார்கள். ஆனால் எனக்கு அதிகக் கவலை அதற்குப் பிறகுதான் இருந்தது. பெட்டியை அதன் இறுதி இடத்தில் நேராக இறக்க முடியவில்லை. மாடிப்படிக் கூரையின் ஷீட் இடிக்கும். ஐந்து மீட்டர் தள்ளி இறக்கி உருட்டிக்கொண்டுபோக வேண்டும். மொட்டை மாடித் தளத்துக்கு இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 சொல்லும் சுமை சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், ஏறக்குறைய 150 கிலோ. எங்கள் பெட்டி அதன் அடிப்பரப்பில் 190 வருகிறது. தளத்தின் நடுவில் வைத்து உருட்டியிருந்தால் விரிசல் விட்டிருக்கலாம். கட்டடப் பொறியாளர் குறித்துக் கொடுத்தபடி, கீழே உத்தரம் ஓடும் கோட்டுக்கு நேர்மேலே 150 மி.மீ. ஐ-பீம் இரண்டை இணையாகப் போட்டு, அதன்மேல் குழாய் உருளைகள், அதன்மேல் பெட்டி.

இழுக்க ஒன்று, பின்னால் பிடித்து நிறுத்த ஒன்று என்று இரண்டு டர்ஃபர் (கையால் இயக்கும் கம்பிவடம் இழுப்பான்). உருளைமேல் 640 கிலோவை நகர்த்த முப்பது கிலோ இழுப்புப் போதும், இரண்டு பேர் கையாலேயே தள்ளிவிடலாம். அதனால்தான் பின்னால் ஒன்று வேண்டும்: தள்ளுவது எளிது, ஓடத் தொடங்கினால் நிறுத்துவது யாராலும் ஆகாது. உருளை கோணலாகப் போனால் சுத்தியலால் தட்டித்தான் திருத்த வேண்டும், விரல் வைக்கக்கூடாது. மேஸ்திரி "ஐலேசா" குரல் கொடுக்க, கையளவு கையளவாக நகர்த்தி ஐந்து மீட்டர் போக முக்கால் மணி நேரம் ஆனது.

கடைசியில் உருளைகளை உருவிவிட்டு, அதிர்வு தளத்துக்கு இறங்காமல் தடுக்கும் ஸ்பிரிங்கில் உட்கார வைப்பது. ஒரு முனையை ஜாக்கியால் ஏந்தி, 25 மி.மீ. இறக்கினால் ஒரு பலகை உருவுவது, அடுத்து மறு முனை. ஜாக்கி மட்டும் தாங்கும்படி ஒரு நொடியும் விடவில்லை. கட்டை எப்போதும் கூடவே இறங்கியது. இங்கே அந்தத் தராசு எண்கள் இன்னொரு முறை உதவின. கம்பெனி அனுப்பிய நான்கு ஸ்பிரிங்குகளும் ஒரே அளவு: 175 கிலோவுக்கு 25 மி.மீ. அமுங்கும். மோட்டார் பக்கம் ஒவ்வொன்றுக்கும் 198 கிலோ, மறு பக்கம் 122. அப்படியே வைத்திருந்தால் ஒரு பக்கம் 28 மி.மீ., மறு பக்கம் 17 மி.மீ. அமுங்கி, பெட்டி நிரந்தரமாகச் சாய்ந்து, பெட்டியையும் காற்றுக் குழாயையும் சேர்க்கும் கேன்வாஸ் இணைப்பு ஒரு பக்கம் இழுபட்டிருக்கும். மோட்டார் பக்கத்துக்கு 200 கிலோ ஸ்பிரிங் இரண்டும், மறு பக்கத்துக்கு 125 கிலோ ஸ்பிரிங் இரண்டும் முன்கூட்டியே வரவழைத்தோம். பழையவற்றைத் திருப்பிக் கொடுத்தது போக 3,800 ரூபாய். ஓடும்போது ஃபேன் பகுதியின் மேல் வைத்த தண்ணீர் டம்ளரில் வட்டம் விழவில்லை.

மற்ற செலவு: இறக்க வந்த ஹைட்ரா 4,500, பெல்ட் 3,400, ஷேக்கிள் 2,170, டர்ஃபரும் ஸ்லீப்பரும் வாடகை 2,000, ஆறு பேர் கூலி 8,400. மேலே சொன்னவற்றோடு சேர்த்து 68,620 ரூபாய். சட்டமும் பெல்ட்டும் ஷேக்கிளும் கையிலேயே இருக்கின்றன, அடுத்த வேலைக்கு அந்தச் செலவு இல்லை.

மாற்ற வேண்டியவை சில. ஆர்டர் போடும்போதே நான்கு மூலை எடையையும் வரைபடத்தில் குறித்துத் தரச் சொல்லிக் கேட்கப்போகிறேன். தொழிற்சாலையில் தராசு இருக்கிறது, அவர்களுக்கு அது பெரிய வேலையில்லை. வந்தபின் நாம் ஒருமுறை சரிபார்ப்பது வேறு. லாரியிலிருந்து இறக்குவதற்கே சட்டம் தயாராக இருக்க வேண்டும். கொக்கித் தட்டில் இரண்டு துளை போதாது, 50 மி.மீ. இடைவெளியில் வரிசையாக ஏழு துளை வேண்டும். சட்டத்தின் மேல் இப்போது 640 கிலோ என்று எழுதியிருக்கிறோம், சோதித்தது 800 என்பதால். கணக்குப்படி அது இன்னும் தாங்கும், ஆனால் சோதிக்காத எடையை எழுத முடியாது. புதுத் தட்டு வெல்டு செய்ததும் 1,250 கிலோவில் மறுபடி சோதித்து, சான்று வாங்கி, 1 டன் என்று எழுதிக்கொள்ள வேண்டும்.